பசாம் பாட்டும் புலம்பெயர்ந்த பிள்ளைகளும்



தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை முடிந்த பின்னும் ஆலயத்தை விட்டுப் போகாமல் சிலர் அமர்ந்திருப்பதை எமது பங்குகளில் பார்த்திருப்பீர்கள். பசாமுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். ஒருவர் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர்கள் இடையிடையே ஒப்பாரி போலச் சேர்ந்து பாடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளி மாலையில், பசாம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தாய் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். ஆலயத்துக்குள் தொலைபேசியா என்று எமக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகுதான் விடயம் தெரிந்தது. மறுமுனையில் ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகன். அங்கே அப்போது காலை. சமையலறையில் நின்றபடி கடைசி வரைக்கும் கேட்டாராம். அவர் ஊரை விட்டுப் போனது 1990களில்.

ஒரு பாட்டைக் கேட்க ஏன் இத்தனை ஏக்கம்? இந்தப் பாட்டு வந்த வழியைப் பார்த்தால் ஓரளவு விளங்கும்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க மறையைத் தடைசெய்தார்கள். குருக்கள் விரட்டப்பட்டார்கள். மக்கள் வீடுகளுக்குள் ஒளித்து ஒளித்துச் செபித்தார்கள். மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதும் அந்தக் காலத்தில்தான். இன்றைய மடுத் திருப்பதியின் தொடக்கம் அந்த இடப்பெயர்வு. 1687இல் கோவாவிலிருந்து புனித யோசேப் வாஸ் அடிகளார் இரகசியமாக வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தார். தமிழும் சிங்களமும் கற்று, இரண்டு மொழிகளிலும் நூல்கள் எழுதி, 1742இல் இந்த மண்ணிலேயே இறந்தார். வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. குருவானவர் இல்லாத ஊரிலும் மக்களே கூடி வாசித்து அழக்கூடிய வடிவத்தில் அது அமைந்திருந்தது. பசாம் என்ற சொல்லும் பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

எங்கள் ஊர்ப் பாரம்பரியம், இதில் எழுத்துக்கூட மாறக்கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்லும்போது நாம் இதை நினைவுபடுத்துவதுண்டு. இதை எழுதியவரே ஊர் விட்டு ஊர் வந்தவர். அந்நிய மொழியைக் கற்றுத்தான் எழுதினார்.

1983 யூலைக்குப் பிறகும், 1990இலும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோதும் எமது மக்கள் எடுத்துச் சென்றவை மிகச் சில. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். பாட்டுப் புத்தகம் நனைந்தது, தொலைந்தது. இராகம் மட்டும் தொலையவில்லை. அது காதால் கேட்டு நெஞ்சில் ஏறியது. பெயர்கள் மறந்துபோன முதியவர்களுக்கு நற்கருணை கொண்டு போகும்போது இதை அடிக்கடி காண்கிறோம். பெற்ற பிள்ளையைத் தெரியாது. பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் அடுத்த அடி தானாக வரும்.

கூத்தும் அப்படித்தான். எமது கரையோர ஊர்களில் ஆடப்படும் எஸ்தாக்கியார் கூத்தை எடுத்துக்கொள்வோம். உரோமைத் தளபதி ஒருவர் மனந்திரும்பி, சொத்தை இழந்து, குடும்பத்தோடு கப்பலேறுகிறார். கூலிக்குப் பதிலாக மனைவியைக் கப்பல் தலைவன் பிடித்துக்கொள்கிறான். ஆற்றைக் கடக்கையில் பிள்ளைகள் இருவரையும் மிருகங்கள் கொண்டுபோகின்றன. பல ஆண்டுகளின் பின்னரே எல்லாரும் ஒன்றுசேர்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இக்கதையை ஐயத்தோடு பார்க்கிறார்கள். 1969இல் பொது நாட்காட்டியிலிருந்து அவருடைய திருநாளும் எடுக்கப்பட்டது. கூத்தாடுகிறவர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. முகவரிடம் பணத்தைக் கொடுத்து, குடும்பம் மூன்று நாடுகளில் சிதறிக் கிடப்பவருக்கு இது பழைய கதையே அல்ல.

ஜேர்மனியிலுள்ள கேவலார் மாதா திருத்தலத்துக்கு ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். இந்து சகோதரர்களும் பெருமளவில் வருகிறார்கள். 1642 முதல் அங்கே வணங்கப்படுவது ஒரு சிறிய காகிதப் படம். துன்புறுவோருக்கு ஆறுதலான தாய் என்பது அதன் பெயர். ஊரில் மடுவுக்குப் போனவர்கள் அங்கே தமிழில் மாதா பாட்டுப் பாடுகிறார்கள்.

ஆனால் அடுத்த தலைமுறை? இதுதான் அங்குள்ள ஆன்ம குருக்களை வாட்டும் கேள்வி. தமிழிலேயே வைத்திருந்தால் பிள்ளைகள் விளங்காமல் விலகுகிறார்கள். அந்நாட்டு மொழிக்கு மாறினால் பாட்டி தனித்துப்போகிறார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952இல் வெளியிட்ட ஆவணம், குடிபெயர்ந்தோருக்குத் தம் மொழி அறிந்த குருக்கள் வேண்டும் என்பதை வலியுறுத்தியது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கச் சொன்னது. ஆவணங்கள் நல்லவை. எனினும் பதினைந்து வயதுப் பிள்ளையை ஆவணம் காட்டி ஆலயத்தில் இருத்த முடியாது.

எமது அபிப்பிராயம் இது: மறையுரையை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள், பாட்டைத் தமிழிலேயே விட்டுவிடுங்கள். முழுவதும் விளங்காமல் பாடுவது பாவமில்லை. நாமும் சிறுவயதில் இலத்தீனில் பாடியவர்களின் மடியில் வளர்ந்தவர்கள்தானே. 137ஆம் திருப்பாடலை நினைத்துப் பாருங்கள். பாபிலோனில் யாழை மரத்தில் மாட்டிவிட்டு, அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கேட்டவர்கள், அந்தக் கேள்வியையே பாட்டாக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்.

அந்த ரொறன்ரோ மகன் அண்மையில் தவக்காலத்தில் தன் பையனோடு ஊருக்கு வந்தார். பையன் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தான். எமது அண்ணாவியார் எண்பதைத் தாண்டியவர். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு பக்கத்தில் இருத்தி, ‘ழ’ வராத இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். திரும்பிப் போகுமுன் பையன் அவரை மெதுவாகப் பாடச்சொல்லி ஒலிப்பதிவு செய்துகொண்டான். இரண்டாவது பிரசங்கம் இன்னும் மிச்சம் இருக்கிறதாம். ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணாவியார் யாருடையாவது தொலைபேசியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.