மர்மம் கடைசிப் பாடம்

பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை. இடுக்கிப் பக்கம் குமுளி, மூணாறு. தமிழ்ப் பிள்ளைகள் வளரும் இந்த வட்டாரங்களில் சண்டைக்கலை படிக்க ஆசைப்பட்டால் சிலம்பம், களரி, கராத்தே என்று மூன்று வழி. கராத்தேக்கு வெள்ளைச் சீருடை, கலர் பெல்ட், சான்றிதழ் எல்லாம் உண்டு. கூடவே சாமுராய்களின் ஏழு அறங்களையும் சொல்லித்தருவார்கள்: நேர்மை, துணிவு, கருணை, மரியாதை, வாய்மை, மானம், விசுவாசம். பிள்ளைகள் அழகாக ஒப்பிக்கிறார்கள். ஒப்பிப்பதோடு அது நின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இந்தப் பட்டியலைப் பிரபலமாக்கியவர் வாள்வீரர் அல்ல. இனாசோ நிட்டோபே 1862இல் சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். கிறித்தவரானார், அமெரிக்கப் பெண்ணை மணந்தார். உடல்நலம் தேற அமெரிக்காவில் தங்கியிருந்தபோது, வெளிநாட்டாருக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே 'புஷிடோ' (சாமுராய் நெறி) என்ற புத்தகத்தை எழுதினார். சாமுராய்கள் வாள் தரிப்பதை ஜப்பான் அரசு தடைசெய்தது 1876இல். புத்தகம் வந்ததோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கராத்தேயின் பிறப்பிடமும் சாமுராய் அரண்மனை இல்லை, ஒகினாவாத் தீவு. 1609இல் அந்தத் தீவின் மேல் படையெடுத்து அடக்கியவர்களே சட்சுமா சாமுராய்கள்தாம்! 1922இல் அக்கலையை டோக்கியோவில் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனாகோஷி ஒரு பள்ளி ஆசிரியர். கராத்தே படித்தவன் முதலில் கை ஓங்கக் கூடாது என்று மாணவர்களுக்கு விதி வைத்தவர் அவர்.

இதனால் அந்த ஏழும் பொய்யாகிவிடாது. ஆனால் ஓர் அறம் பயிற்சிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க ஜப்பான்வரை போக வேண்டியதில்லை. வடகேரளத்துக் களரி, தரைமட்டத்துக்குக் கீழே வெட்டிய குழி. மரபுப்படி 42 அடி நீளம், 21 அடி அகலம். வலது காலை முதலில் வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, தென்மேற்கு மூலையில் பூத்தறை என்ற ஏழு படி வழிபாட்டு மேடையை வணங்கி, குருக்களின் காலைத் தொட்ட பிறகே உடம்பு அசையும். முதலில் மெய்த்தாரி; உடம்பை வளைக்கவும் தாழ்த்தவும் பழகுவது. பிறகு கோல்த்தாரி. அதன்பின் அங்கத்தாரியில் வாளும் கேடயமும். வெறுங்கையும் மர்மமும் கடைசியில்தான். எங்கே தட்டினால் ஆள் சரிவான் என்ற அந்தப் பாடத்தை எல்லா மாணவருக்கும் கொடுப்பதில்லை. பையன் முன்கோபி என்று பட்டால் குருக்கள் கோலோடு நிறுத்திவிடலாம். மர்மத்தைக் கற்றுத்தரும் அதே கைதான் அடிபட்டவனுக்கு எண்ணெய் தடவி உழிச்சலும் செய்கிறது. கருணையை அங்கே யாரும் சுவரில் எழுதிவைக்க வேண்டியதில்லை. பாடத்தின் வரிசையே அதைச் செய்கிறது. குமுளியில் சுற்றுலாப் பயணிகள் சாயங்காலக் காட்சியில் பார்ப்பது தீப்பந்தமும் உறுமி என்ற சுருள்வாள் வீச்சும்தான். அதற்குப் பின்னால் இருக்கும் இந்தக் காத்திருப்பு மேடையில் தெரியாது.

அறத்தை இப்படிப் பயிற்சிக்குள்ளேயே வைப்பது நவீனப் போட்டியிலும் சாத்தியம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7 அன்று, கராத்தே இறுதிச்சுற்று ஒன்றில் சவுதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதை ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேயை மயங்கி விழச் செய்தது. ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம். அளவு மீறி அடித்ததற்காக ஹமேதி தகுதிநீக்கம். பலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலிக்கு எதுவும் தெரியவில்லை. அடியை நிறுத்தத் தெரிவதும் திறமையில் சேர்த்தி என்று ஓர் உலகப் போட்டி துணிந்து தீர்ப்புச் சொன்னது.

ஏழில் என்னைப் பயமுறுத்துவது விசுவாசம். நேர்மையைக் கழற்றிவிட்டு விசுவாசத்தை மட்டும் ஊட்டியதன் விளைவை ஜப்பான் இரண்டாம் உலகப்போரில் பார்த்தது. இளம் விமானிகள் விமானத்தோடு எதிரிக் கப்பல்மேல் மோதிச் செத்தார்கள். வடகேரளத்தின் வீரக்கதைப் பாடல்களான வடக்கன் பாட்டுகளும் விசுவாசத்தையே சுற்றிவருகின்றன. அவற்றில் வரும் வீரன் ஆரோமல் சேகவரின் சுரிகை என்ற குறுவாளில் இரும்பாணிக்குப் பதில் மர ஆணியைப் பொருத்தி, கூடவே இருந்து குழிபறித்தவன் என்று சந்துவைத் தலைமுறை தலைமுறையாகத் தூற்றினார்கள். பாலக்காடு மாவட்டத்துக் கூடல்லூரில் பிறந்த எம்.டி.வாசுதேவன் நாயர், 1989இல் வந்த 'ஒரு வடக்கன் வீரகதா' படத்தில் சந்துவின் பக்கத்து நியாயத்தைப் பேசினார். துரோகி என்று ஊரே சொன்னாலும் விசாரிக்காமல் ஏற்காத அந்த மனசு, நேர்மைக்கும் துணிவுக்கும் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம்.

வகுப்பறையில் விசுவாசம் என்பது பெரும்பாலும் மாஸ்டருக்கு எதிர்ப்பேச்சுப் பேசாமல் இருப்பதாகச் சுருங்கிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை வலியைச் சொல்லாமல் விழுங்குவதற்கு அதுவே காரணமாகலாம். ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகும் அப்பா அம்மாக்கள் கோப்பைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். உட்கார விடாவிட்டால் அங்கே சேர்க்காதீர்கள். தலையில் அடிபட்ட பையனை மாஸ்டர் அன்றைக்கே மறுபடி மோதவிடுகிறாரா? பணம் கட்டிய எல்லாருக்கும் அடுத்த பெல்ட் கிடைக்கிறதா, தேறாத பிள்ளையும் உண்டா? சின்னவனோடு மோதும்போது பெரியவன் தன் பலத்தைக் குறைத்துக்கொள்கிறானா? சீனியர் மாணவி ஒருத்தி எழுந்து, "மாஸ்டர், நீங்க செய்தது தப்பு" என்றால் அவர் என்ன செய்வார் என்பதையும் விசாரியுங்கள்.