ஊட்டிக்குப் போனால் குன்னூரிலும் இறங்குங்கள்

கோடையில் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊட்டி போகும் வணிக அன்பர்கள் பலர், ஏரியையும் பூங்காவையும் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகர் இது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா, அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் வந்தது.

நம் தொழிலுக்குப் பார்க்க வேண்டிய ஊர் குன்னூர்தான். 1963 முதல் இங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. அன்று கூவி எடுத்த லாட்டுகள் இன்று கம்ப்யூட்டரில் விலை போகின்றன. கேத்தி, கோத்தகிரிப் பக்கம் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் படுகர் குடும்பங்கள் பச்சை இலையைப் பறித்து ஃபாக்டரிக்குக் கொடுக்கிறார்கள். ஏலத்தில் தூள் விலை சரிந்தால் அவர்களுடைய இலை விலையும் சரியும்.

அந்த விலையைக் கெடுப்பது சாயத் தூள். கிலோவுக்குப் பத்து இருபது குறைகிறதே என்று நாம் அதை வாங்கினால், அசல் தூள் மூட்டையிலேயே தங்கிவிடும். மாதிரி எடுக்க வரும் அதிகாரி நிற்பதோ நம் கல்லாவுக்கு எதிரில்! ஈரமான வடிதாளில் சிட்டிகைத் தூளைத் தூவிப் பாருங்கள். உடனே நிறம் ஓடினால் சாயம். நல்ல தூள் என்றாலும் பில் இல்லாமல் எடுக்க வேண்டாம்.

2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வரும்போது வீட்டுக்கு வர்க்கி வாங்க மறந்துவிடாதீர்கள்.