எந்தப் பட்டம் படித்தாலும் ஆடிட்டர் ஆகலாம்

பி.ஏ. தமிழோ வரலாறோ முடித்துவிட்டு, கணக்குத் துறைக்குப் போக விரும்பும் நம் பிள்ளைகள் பலர் மறுபடி பி.காம். சேர நினைக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். பி.ஏ.வுக்குப் பிறகு பி.காம். படித்தால், எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்காது. மூன்று ஆண்டுகளும் போகும், செலவும் வீட்டின் தலையில் விழும்.

நேர்வழி இருக்கிறது. வணிகவியல் அல்லாத பட்டத்தில் 60 சதவீத மதிப்பெண் இருந்தால், சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதாமலே இன்டர்மீடியட்டில் சேரலாம். அதில் இரண்டு குரூப்பும் தேறியபின் ஆடிட்டரிடம் 2 ஆண்டு பயிற்சி. அதற்கு மாத ஊக்கத்தொகை உண்டு. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு சி.எம்.ஏ. இன்டர்மீடியட் இருக்கிறது. நுண்கலை தவிர எந்தப் பட்டமும் போதும்.

பற்று, வரவு தெரியாதவர்கள் முதலில் பிளஸ் 1, பிளஸ் 2 கணக்குப்பதிவியல் பாடநூல்களைப் படியுங்கள். தமிழிலேயே உள்ளன, இணையத்தில் இலவசம்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால், எந்தப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

‘கணக்கு உங்களுக்கு வராது’ என்பவர்களிடம் சொல்லுங்கள்: ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றவர் அண்ணல் அம்பேத்கர்.