தலைக்கா, தாளிக்கவா? தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க!

சென்னை:-

மளிகைக் கடை அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் தென்னை மரப் படம். எல்லாவற்றிலும் தேங்காய் வாசனை. "ஒரு தேங்காய் எண்ணெய் கொடுங்க" என்றால், கடைக்காரர் கைக்கு வந்ததை எடுத்துப் போடுகிறார். வீட்டில் அது காலையில் தலைக்குப் போகிறது. மத்தியானம் அவியலிலும் விழுகிறது.

அங்கேதான் வில்லங்கம்!

அந்த பாட்டில்களில் சில, சாப்பிடும் எண்ணெயே அல்ல. "ஹேர் ஆயில்" என்று ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே பெட்ரோலியத்தில் இருந்து பிரித்தெடுக்கும் "லிக்விட் பாரபின்", வாசனைப் பொருள் எல்லாம் கலந்திருக்கலாம். தலைக்குத் தேய்க்க அது சட்டப்படி சரி. தாளித்தால் வயிறு என்னாவது?

சமையலுக்கு உரியது என்றால் பாட்டிலில் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையா? அதை அடுப்பங்கரைக்குள் விடாதீர்கள்.

கோர்ட்டுக்குப் போன பாட்டில்

இந்த "தலையா, சமையலா" சண்டை சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. சமையல் எண்ணெய் என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. தலைக்கு என்றால் 18 சதவீதம். சின்ன பாட்டில் எல்லாம் தலைக்குத்தான் என்றது வரி இலாகா. 2018-ல் 2 நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 2024 டிசம்பர் 18-ந்தேதி 3 நீதிபதிகள் முடிவு கட்டினார்கள். பாட்டில் சிறிசு என்பதற்காக மட்டும் அதை ஹேர் ஆயில் ஆக்க முடியாது என்பது தீர்ப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் ஹேர் ஆயிலுக்கும் வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

வரிச் சண்டை ஓய்ந்தது. கலப்படம் ஓயவில்லை.

பிரிட்ஜில் வையுங்க

2025-ல் கொப்பரை விலை எகிறியது. கேரளத்தில் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறினால் கலப்பட ஆசாமிகளுக்குக் கொண்டாட்டம்தான். மலிவான எண்ணெயை ஊற்றி, தேங்காய் வாசனை ஏற்றினால் வேலை முடிந்தது. 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கலப்படம் என்று 40-க்கும் மேற்பட்ட பிராண்டுகளுக்குத் தடை போட்டது நினைவிருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் எண்ணெய் ஊற்றி, பிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். ஐஸ் வைக்கும் பெட்டியில் அல்ல, கீழ்த் தட்டில். நல்ல எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும். பிரிட்ஜ் இல்லாதவர்கள் மார்கழிக் காலையில் பார்க்கலாம். 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் கட்டத் தொடங்கும்.

ஆனால், பாமாயில் மரத்தின் கொட்டையில் இருந்து எடுக்கும் எண்ணெயும் இதே மாதிரி உறையும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம்தான் கதி.

நல்லது எது, புளுகு எது?

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. 2003-ல் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்றில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தேய்த்துப் பார்த்தார்கள். முடியின் புரதம் கழன்று போவதைத் தடுத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. வறண்ட தோலுக்கும் நல்லது. பலாப்பழம் அறுக்கும்போது கையில் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. வழுக்கையில் முடி முளைக்கும் என்பது மட்டும் வெறும் ஆசை!

சாப்பாட்டில் கணக்கு வேறு. இதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் 11, 12 கிராம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2,000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு ஒரு நாளைக்கே சுமார் 22 கிராம்தான் உச்சவரம்பு. கடலை எண்ணெய் மாதிரியான எண்ணெய்களோடு ஒப்பிட்டால் இது கெட்ட கொலஸ்டிராலை ஏற்றுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அவியல் இறக்கும்போது ஒரு ஸ்பூன் விடுவதில் தப்பில்லை. உடம்பு இளைக்கும் என்று தினம் காலையில் கரண்டி கரண்டியாகக் குடிப்பது வேண்டாத வேலை.

இன்னொரு ஆபத்து பச்சைக் குழந்தைகளுக்கு. குளிப்பாட்டும்போது மூக்கில் 2 சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் இன்னமும் பல வீடுகளில் இருக்கிறது. அது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். டாக்டர்கள் கரடியாகக் கத்தியும் பழக்கம் விட்டபாடில்லை. உடம்புக்குத் தேய்க்கலாம். மூக்கிலும் காதிலும் கூடவே கூடாது.

கடைக்காரர் கவனத்துக்கு

சமையல் எண்ணெயை டின்னில் இருந்து சில்லறையாக அளந்து விற்பது சட்டப்படி கூடாது. தரம் குறைந்த எண்ணெய் விற்று மாட்டினால் ரூ.5 லட்சம் வரை அபராதம். தப்பான லேபிளுக்கு ரூ.3 லட்சம் வரை.

வாங்குபவருக்கும் உரிமை உண்டு. சந்தேகம் இருந்தால், வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி எண்ணெயை ஆய்வுக்கு அனுப்பலாம். கலப்படம் என்று ரிப்போர்ட் வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில் வாங்க மறந்துவிடாதீர்கள்.