பழைய மோட்டார் சைக்கிளில் பிளக் கரியும் நீலப்புகையும்

மோட்டார் சைக்கிள் ஒன்று பாதி வழியில் நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை கறுத்திருக்கிறது. துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்புகிறது. சில கிலோமீட்டர் சென்றதும் மறுபடியும் நிற்கிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால், “எஞ்சின் ஆயில் அடிக்கிறது, சிலிண்டரைப் போர் போட வேண்டும்” என்ற தீர்ப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அத்தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால், பிளக் கறுப்பதற்குக் காரணங்கள் பல. சிலிண்டர் தேய்வு அவற்றுள் ஒன்றே. சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்திய பின் பழைய அளவுக்குத் திரும்ப வழியில்லை. அதற்கேற்ற பெரிய அளவுப் பிஸ்டன்கள் இரண்டு மூன்று படிகளிலேயே கிடைக்கின்றன. அவை தீர்ந்தால் புதிய சிலிண்டரையோ உள்ளுறையையோ தேட வேண்டும். ஆதலால், கடைசல் பட்டறைக்குச் செல்லுமுன் நோய் இன்னதென்று அறுதியிடுவது அவசியமாகிறது. அதற்கு வேண்டிய சான்றுகளுள் பெரும்பாலானவற்றை பிளக்கின் முனையும் புகை வெளிவரும் வேளையுமே தந்துவிடுகின்றன.

இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய 350 புல்லட் ஆகும். என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955-இல் சென்னையில் ஏற்படுத்தப்பட்டது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான இவ்வண்டிகள் இராணுவத்திலும் காவல் துறையிலும் பொதுமக்களிடையேயும் நாடெங்கும் பரவின. சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். இவ்விரண்டு அளவுகளைக் கொண்டு எஞ்சினின் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர் என்பதை மாணவர்களே கணக்கிட்டறியலாம். கீழே கூறப்படும் முறை ஒற்றைச் சிலிண்டர் கொண்ட பிற நான்கு வீச்சு எஞ்சின்களுக்கும் பொருந்தும். ராஜ்தூத், மைசூர் ஜாவா போன்ற இரண்டு வீச்சு வண்டிகளில் பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்தே ஊற்றுவதால், அவற்றில் ஓரளவு புகை இயல்பானது; அவற்றின் கணக்கு வேறு.

பிளக் செய்யும் வேலை

எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலும்போது, நான்கு வீச்சு முறையில் பிளக் 1,500 முறை எரிமூட்ட வேண்டும். அதாவது விநாடிக்கு 25 முறை. ஒவ்வொரு முறையும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் நடுமுனையில் ஏறி, சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுகிறது. நடுமுனையைச் சூழ்ந்துள்ள வெண்ணிறப் பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன்மேல் படியும் புகைக்கரி கடத்தும். குளம் நிரம்பி மதகு மட்டத்திற்கு நீர் ஏறுமுன் கரையில் உடைப்பு ஏற்பட்டால் மதகு வழியே நீர் பாய்வதில்லை. அதுபோல, அழுத்தம் போதிய அளவு ஏறுமுன்னரே மின்சாரம் கரிப்படலத்தின் வழியாகப் பிளக்கின் உலோக உடலுக்குக் கசிந்துவிடுகிறது. பொறி தோன்றுவதில்லை, எஞ்சின் இடறுகிறது.

பீங்கான் முனையின் வெப்பம் ஏறத்தாழ 500 டிகிரி சென்டிகிரேடை எட்டினால் படிந்த கரி தானே எரிந்துவிடும். 850 டிகிரியைத் தாண்டினாலோ, பொறிக்குக் காத்திராமல் அம்முனையே கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். நல்ல பிளக் என்பது இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் நிற்பதாகும். சூடான வகை, குளிர்ந்த வகை என்று பிளக்குகள் பிரிக்கப்படுவதன் பொருள் இதுவே. இவ்வகைகளைக் குறிக்கும் எண்முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை. சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடான வகை. கடைக்காரர் கொடுத்த வேறு நிறுவனத்துப் பிளக்கை எண்ணை மட்டும் பார்த்து மாட்டியதால் விளைந்த கோளாறு ‘ஆயில் அடிப்பு’ என்று பெயர் பெறுவதும் உண்டு.

பிளக்கைப் பார்க்கும் முறை

நெடுநேரம் நின்ற இடத்திலேயே ஓடிய எஞ்சினின் பிளக் கறுத்தே காணப்படும். அதைக் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது. எஞ்சினை நன்கு சூடாக்கி, மூன்று நான்கு கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, ஓடும்போதே கிளட்சை அழுத்தி, அதே நொடியில் மின்சுவிட்சை நிறுத்தி, வண்டியைத் தானாக உருளவிட்டு ஓரம் கட்ட வேண்டும். பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். சூடு கையைச் சுடும் என்பதை மறக்கலாகாது. ஆளரவமற்ற நேர்ச்சாலையே இச்சோதனைக்கு ஏற்றது.

பீங்கான் வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் செவ்வையாக நடைபெறுகிறது. பழைய கையேடுகளில் காணும் நிறப்படங்களை அப்படியே நம்புவதற்கில்லை. அவை ஈயம் கலந்த பெட்ரோல் வழங்கிய காலத்தவை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. அதன்பின் எத்தனால் கலப்பும் வந்து, 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால், ஜெட்டை மாற்றாத பழைய கார்புரேட்டர் முன்பிருந்ததைவிடச் சற்று மெலிந்த கலவையையே தரும். பிளக்கும் சற்று வெளிறியே இருக்கும்.

முனை கறுத்திருந்தால், விரலால் தேய்த்துப் பார்ப்பதே முதற் சோதனை. உலர்ந்து, மினுமினுப்பின்றி, கண்மை போல விரலில் ஒட்டும் கரி பெட்ரோல் மிகுதியால் விளைந்தது. ஈரமாக, பளபளப்பாக, பிசுபிசுப்பது எண்ணெய். ஈரமாயிருந்து, பெட்ரோல் வாசனை வீசிச் சற்று நேரத்தில் உலர்ந்துவிட்டால், அது எரியாத பெட்ரோல். பொறி இல்லாமையையோ கார்புரேட்டர் நிரம்பி வழிவதையோ அது காட்டும். எண்ணெய் எரிவதை உலர்ந்த கரியுடன் குழப்பிக்கொள்வதே போர் போடும் வீண் செலவுக்கு முதற் காரணம்.

உலர்ந்த கரி கண்டால் சிலிண்டரை விட்டுவிட்டுக் காற்று வடிகட்டியை நோக்க வேண்டும். ராஜஸ்தானத்துப் புழுதிச் சாலையில் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைபட்டுக் காற்று குறைவது எளிதில் நிகழும். அதனைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாகக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவோர், இன்றைய கரியை நீக்கி நாளைய சிலிண்டர் தேய்வை விலைக்கு வாங்குகின்றனர். சோக் முழுவதும் திறக்கிறதா, மிதவை ஊசி பெட்ரோலை நிறுத்துகிறதா, ஜெட் ஊசியும் அதன் துளையும் தேய்ந்து அகன்றுள்ளனவா என்பவை அடுத்துக் காண வேண்டியவை. மலைப் பகுதியில் பணி செய்வோருக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. சமவெளிக்கென அமைத்த ஜெட் அங்கே தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலை ஊட்டுவதால் பிளக் கறுப்பது இயற்கை. சமவெளிக்குத் திரும்பியதும் அது தானே சீராகிவிடும்.

கார்புரேட்டரில் குறை காணாவிடின் மின்பகுதியைச் சோதிக்க வேண்டும். பட்டறைகளில் பிளாட்டினம் எனப்படும் தொடுமுனைகள் கருகியிருந்தால் கண்டென்சர் கெட்டிருக்கலாம். நலிந்த பொறி கலவையைச் சரிவர எரிக்காமையால் கரி படிகிறது. படிந்த கரி பொறியை மேலும் நலியச் செய்கிறது. இச்சுழலில் பிளக் குற்றவாளி அன்று, பாதிக்கப்பட்ட பொருளே.

எண்ணெய் வரும் வழிகள்

பிளக் எண்ணெயில் நனைந்து, புகையும் நீல நிறமாயிருந்தால், எண்ணெய் எரிவது உறுதி. (கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் குறிக்கும், குளிர்காலக் காலையில் தோன்றிச் சில நிமிடத்தில் மறையும் வெண்புகை வெறும் நீராவியே.) எவ்வளவு சிறிய கசிவு இந்நிலையை உண்டாக்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு: 1,000 கிலோமீட்டருக்கு 250 மில்லிலிட்டர் எண்ணெய் குறைவதாகவும், வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 3,000 சுற்றில் ஓடுவதாகவும் கொள்வோம். 20 மணி நேரத்தில் எரிமூட்டல்கள் 18 இலட்சம். எனவே ஒரு முறைக்குச் செலவாகும் எண்ணெய் ஒரு கன மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இத்துளி எவ்வழியாக வருகிறது என்பதே கேள்வி.

பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால், மேட்டில் ஏறும்போதும் பாரத்துடன் வேகம் எடுக்கும்போதும் புகை மிகும். வாயு வளையங்களைத் தாண்டிக் கீழிறங்குவதால் கிராங்கு அறையின் மூச்சுக்குழாயும் புகைந்து எண்ணெய் கக்கும். உட்புகு வால்வின் கைடு தேய்ந்திருந்தால் காட்சி வேறு. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு வரும்போது உட்புகு வழியில் வெற்றிடம் மிகுந்து, கைடின் இடுக்கு வழியாக எண்ணெயை உறிஞ்சும். இறக்கத்தின் முடிவில் ஆக்சிலேட்டரைத் திருப்பியதும் ஒரு பெரும் நீலப்புகை மேகம் எழுந்து பின்னர் அடங்கும். வெளியேற்று வால்வின் கைடு தேய்ந்தாலோ எண்ணெய் நேரே சூடான குழாயில் சொட்டுகிறது. புகை வரும், ஆனால் பிளக் உலர்ந்து நல்ல நிறத்துடனே இருக்கும். புகையைக் கண்டவுடன் பிளக்கைப் பாராமலே சிலிண்டரைக் கழற்றுவோர் தவறவிடும் குறிப்பு இது. கைடு மாற்றுவதற்குச் சிலிண்டர் தலையைக் கழற்றினால் போதும். சிலிண்டரைக் கடைய வேண்டுவதில்லை.

இனி, புல்லட் போன்ற எஞ்சின்களுக்கே உரிய ஒரு வழி உண்டு. பெரும்பாலும் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுவே. இவற்றில் எண்ணெய்த் தொட்டி தனி அறையாக உள்ளது. ஒரு பம்பு எண்ணெயை எஞ்சினுக்கு ஊட்ட, மற்றொன்று கிராங்கு அறையில் வடிந்ததைத் திரும்ப இறைத்துத் தொட்டியில் சேர்க்கிறது. வண்டி பல நாள் நின்றால், தேய்ந்த பம்பின் வழியாக எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்கு அறையை நிரப்பிவிடும். அப்போது அளவுக்கம்பியைப் போட்டுப் பார்ப்பவர் தொட்டி காலியென எண்ணி மேலும் எண்ணெய் ஊற்றுவார். எஞ்சினைக் கிளப்பியதும், கிராங்குச் சக்கரங்கள் தேங்கிய எண்ணெயை வாரி இறைக்க, சைலன்சர் சில நிமிடம் புகைந்து தள்ளும், மூச்சுக்குழாய் கக்கும், பிளக்கும் நனையும். எஞ்சின் ஓடிச் சற்று நேரத்தில் புகை அடங்கிவிட்டால் வளையத்தைக் குறை கூற இடமில்லை. எண்ணெய் மட்டத்தை எஞ்சின் சில நிமிடம் ஓடிய பின்னரே அளக்க வேண்டும். மாறாக, ஓட ஓடப் புகை மிகுந்து, தொட்டி மட்டமும் குறைந்துகொண்டே வந்தால், திரும்ப இறைக்கும் பம்பு சரியாக வேலை செய்யவில்லை என்று ஐயுற்று, அதனையும் அதன் வடிகட்டியையும் சோதிக்க வேண்டும்.

அழுத்தச் சோதனை

இவற்றின் பின்னும் ஐயம் எஞ்சினால் அழுத்தமானி உதவும். சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றி மானியைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, கிக்கரைப் பலமுறை உதைத்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு கணிசமாக உயர்ந்தால் கசிவு வளையங்களிலோ சிலிண்டர் சுவரிலோ உள்ளது. உயராவிடின் வால்வுகளில் உள்ளது. பழைய புல்லட்டில் கிளப்புவதை எளிதாக்கும் அழுத்தம் நீக்கும் சிறு வால்வு ஒன்றும் உண்டு. அது சரியாக மூடாவிட்டாலும் அழுத்தம் குறையும்.

இச்சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. மேல் வளையங்கள் அழுத்தத்தைக் காக்கின்றன. எண்ணெயை வழித்து இறக்குவது கீழ் வளையம். கீழ் வளையம் மட்டும் தேய்ந்தோ கரியில் ஒட்டியோ போனால், அழுத்தம் நன்றாயிருக்கும்போதே எண்ணெய் எரியும்.

எண்ணெயில் நனையும் பிளக்குக்குப் பதிலாகச் சூடான வகைப் பிளக்கை மாட்டினால் வண்டி ஓடத்தான் செய்யும். வழியில் அகப்பட்டுக்கொண்டவர் ஊர் சேர்வதற்கு அது உதவலாம். அதையே நிலையான மருந்தாகக் கொண்டு கோடை வெயிலில் பாரம் ஏற்றி ஓட்டினால், முன்பற்றலால் பிஸ்டன் தலை உருகித் துளைபடும் அபாயம் உண்டு. பிளக்கைக் கம்பித் தூரிகையால் அழுந்தத் தேய்ப்பதும் நன்றன்று. பீங்கான்மேல் படியும் உலோகக் கீற்றுகள் கரியைப் போலவே மின்சாரத்தைக் கசியவிடும். பெட்ரோலில் நனைத்து மென்தூரிகையால் கழுவி உலர்த்துவதே போதும்.

குறை வளையத்தில்தான் என்று தெளிந்த பின்னும், சிலிண்டரை மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக அளந்த பிறகே கடைவதா, புது வளையம் மட்டும் போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். வளையம் மட்டும் மாற்றினால் சிலிண்டர் சுவரின் கண்ணாடி போன்ற மினுமினுப்பை மெல்லிய கல்லால் தேய்த்து நீக்க வேண்டும்; இல்லையேல் புது வளையம் சுவருடன் இணைந்து படியாது. வேலை முடிந்து வண்டி கிளம்பியதும் புகை வந்தால் உடனே மனம் தளர வேண்டியதில்லை. சைலன்சருக்குள் பல மாதமாக ஊறிய எண்ணெய் எரிந்து தீரச் சில பத்துக் கிலோமீட்டர்கள் ஆகும். அதுவரை சைலன்சரைப் பார்க்காமல் பிளக்கைப் பார்ப்பதே தக்கது.