மணலில் மிதந்த கோபுரம்

கலங்கரை விளக்கத்தைக் கடல் தின்ன வந்தால் இடித்துவிட்டு வேறு கட்ட வேண்டியதுதானா என்று தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நகர்த்தியும் வைக்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹாட்டரஸ் முனைக் கோபுரத்தை 1999-இல் அப்படித்தான் செய்தார்கள். விளக்கு சுழல்வதும் கப்பல்கள் திசையறிவதும் நமக்குத் தெரிந்த கதை. என்னை மயக்குவது அதன் காலடி.

1870-இல் எழுந்த செங்கல் கோபுரம். உயரம் ஏறக்குறைய 200 அடி. அடித்தளத்துக்குத் தோண்டினால் சில அடிகளிலேயே நீர் ஊறியது. கட்டுமானப் பொறுப்பாளர் டெக்ஸ்டர் ஸ்டெட்சன் தண்ணீரோடு மல்லுக்கு நிற்கவில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே பைன் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் கருங்கல்லை அடுக்கி, கோபுரத்தை ஏற்றிவிட்டார். மரம் இற்றுப்போகாதா? எங்கள் ஊர்க் கிணற்றில் தூர்வாரியபோது பாட்டன் காலத்து நெல்லிக்கட்டை வெளிவந்தது. கோடரி பட்டதும் கணீரென்றது. அதே சங்கதிதான். நீரில் மூழ்கிய மரத்துக்குக் காற்று எட்டாது. காற்றில்லாமல் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. அந்த நிலத்தடி நன்னீர் நிலைகுலையாதவரை கட்டைகளுக்குக் கேடில்லை.

கடல் சும்மா இருக்கவில்லை. கட்டும்போது 1,500 அடி தள்ளியிருந்த அலை, 1930-களில் சுமார் 100 அடிக்கு வந்துவிட்டது. கரையில் தூண்டில் வளைவுகள் போட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் மணலைப் பிடித்து வைத்தால் அடுத்த ஊர்க் கரை அரிபடும். இதை நம் மீனவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1981-இல் கோபுரத்தைக் காக்க ஒரு குழு எழுந்தது. ஆனால் நகர்த்தலாம் என்ற யோசனை வந்தபோது உள்ளூரிலேயே பலர் அதை எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள். தூக்கினால் உடைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. இருதரப்பும் கோபுரத்தின் மேலுள்ள பாசத்தால்தான் சண்டை போட்டது. அப்படிச் சண்டை போடவாவது நம் பழைய கட்டடங்களுக்கு ஆள் வேண்டாமா?

கடைசியில் 4,800 டன் எடையை நீரழுத்தத் தூக்கிகளில் ஏற்றி, எஃகுத் தடத்தில் சோப்புத் தடவி, 2,900 அடி தூரத்தை 23 நாளில் கடந்தார்கள். செங்கல்லுக்குச் சேதமில்லை.

கண்ணாடிக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. 1936-இல் விளக்கை வேறோர் இரும்புக் கோபுரத்துக்கு மாற்றிவிட்டு இதைக் கைவிட்டார்கள். 1950-இல் விளக்கு திரும்பி வருவதற்குள், ஒளியைக் குவிக்கும் ஃபிரெனல் வில்லையின் பட்டகங்களை வந்துபோனவர்கள் நினைவுப்பொருளாகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அலை தொடாததை மனிதக் கை தொட்டுவிட்டது. மிஞ்சிய சட்டமும் சில பட்டகங்களும் இப்போது ஹாட்டரஸ் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.