இருட்டைத் தேடி – 9: தெற்கு சுத்தமாக இருக்கிறதா?

வானத்தின் இருட்டை அளக்கும் போர்ட்டில் அளவுகோலில் 1 என்றால் கன்னங்கரேல், 9 என்றால் நகர மையம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஒரே இரவில் போய்த் திரும்பக்கூடிய இடங்களை இந்த வாரம் பட்டியல் போடுவதாகச் சொல்லியிருந்தேன். போடத்தான் உட்கார்ந்தேன். காவலூர் குறுக்கே வந்துவிட்டது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்காக அந்த இடத்தைப் பிடித்ததற்கு இருட்டு மட்டுமா காரணம்? ஊர் இருப்பது சுமார் 12.5 பாகை வட அட்சரேகையில். வடவானமும் கிடைக்கும், தென்வானத்தில் பெரும்பகுதியும் கிடைக்கும். 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972ல் ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அந்த ஜெய்ஸ், 1977 மார்ச் 10 இரவு யுரேனஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் யுரேனஸ் கடக்கப்போகும் நேரம். கோள் இன்னும் நெருங்கவே இல்லை; அதற்குள் நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் சட்டென்று இறங்கி ஏறியது. அதைப் பதிவுசெய்த காவலூர் ஆய்வாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசுவாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கணித்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, கைப்பர் விமான ஆய்வகத்தில் பறந்தபடி அமெரிக்கர்களும் பார்த்தார்கள். ஒளி கோளுக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி இறங்கியிருந்தது அவர்களுடைய பதிவில். துணைக்கோள் இரண்டு பக்கமும் இருக்க முடியுமா? அவை யுரேனஸின் வளையங்கள்! காவலூரில் விழுந்த சரிவும் வளையத்தினுடையதே. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கதை.

சரி, நம் கதைக்கு வருவோம். இருட்டோடு தென்வானமும் வேண்டும் என்ற பாப்புவின் கணக்கு நமக்கும் பொருந்தும். ஏப்ரல், மே இரவுகளில் தெரியும் தென்சிலுவையின் அடிநட்சத்திரம், சென்னைப் பக்கத்தில் அதிகபட்சம் 14 பாகைதான் ஏறும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒன்றரை முஷ்டி உயரம், அவ்வளவே. நகரத்துக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனீர்களென்றால் சென்னையின் வெளிச்சம் சரியாக அந்த இடத்தில்தான் வெளுத்து நிற்கும். தெற்கே உத்திரமேரூர், செய்யூர் பக்கம் போனால் அந்த வெளுப்பு முதுகுக்குப் பின்னால் போய்விடும். தூரம் அதிகமில்லை, வானம் வேறு.

இடத்தைப் பகலிலேயே ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது. ஏரிக்கரை என்றால் தெற்கை மறைக்க மரம் குறைவு. கூட்டுரோட்டில் ஹைமாஸ் விளக்கு இருந்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். மோட்டார் கொட்டகை பல்பு மட்டும்தான் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்கலாம். ஒருவர் என் முக்காலியைப் பார்த்துவிட்டு, “சர்வே எடுக்க வந்திருக்கீங்களா சார்?” என்றார். பைனாகுலரில் வியாழனைக் காட்டியதும் பல்பை அவரே அணைத்தார். அப்புறம் கிளம்ப விடவில்லை என்பது தனிக்கதை.

பட்டியல் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் தினசரி காலண்டரில் அமாவாசைக்குப் பக்கத்தில் வரும் சனிக்கிழமையைக் குறித்துவையுங்கள். மொட்டை மாடிக்குப் போய், உங்கள் ஊர் வானம் எந்தத் திசையில் அதிகம் வெளுத்திருக்கிறது என்றும் பாருங்கள். அதற்கு எதிர்த்திசையில்தான் நாம் வண்டியை விடப்போகிறோம்.